ஊருக்குப் போகும் ஆண்கள் உடுத்த வேண்டியது



மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது. ஆண்டுக்கணக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில், தமிழகத்திற்குப் புறப்பட ஆயத்தமாகும் தோட்டத்துக் குடும்பங்கள் உண்டு. அம்மாவும் பெண்பிள்ளைகளும் ஒரு மாதத்திற்கு முன்பே சேலை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வீட்டு ஆண்களின் பெட்டியை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "எனக்கென்ன, இரண்டு சட்டை, இரண்டு சிலுவார் போதும்" என்று அவர்களும் சொல்லிவிடுவார்கள். இன்று அந்தப் பெட்டியைத்தான் நாம் திறந்து பார்க்கப் போகிறோம்.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், ஒரு மே மாதத்தில் தம் தகப்பனார் பிறந்த ஊரைப் பார்க்கப் போனார். மலேசியாக்காரர் வருகிறார் என்று உறவெல்லாம் காத்திருக்கும்போது சாதாரணமாகப் போய் இறங்கலாமா? பாலியெஸ்டர் சிலுவார், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, அதன்மேல் கோட்டு, காலில் சப்பாத்து. நண்பகலில் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றார். ஊர் போய்ச் சேருமுன்னே மயங்கிச் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் விடுமுறையில் நான்கு நாள் மருத்துவமனைக் கட்டிலில் கழிந்தது. அவரை வீழ்த்தியது வெயில் மட்டுமா? பெருமைக்காகப் போட்ட உடையும்தான்.

"வெயில் நமக்குப் புதிதா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு நண்பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 டிகிரி செல்சியஸ். மேகமும் மழையும் அடிக்கடி வந்து தணிக்கும். மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தொடங்கி நிழலிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். தமிழகத்திலோ மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி, ஏறக்குறைய 25 நாள் நீடிக்கும். வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களில் வெப்பம் 40 டிகிரியை எட்டுவது அப்போது அதிசயமில்லை. கடலோரச் சென்னையிலேயே 2003 மே 31இல் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது.

இங்கேதான் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால், உடம்புச் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. காற்றே நம் உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கிறது. அப்போது நம்மைக் காப்பாற்றுவது வேர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வேர்வை தோலில் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் அது காய வேண்டும். சொட்டித் தரையில் விழுந்த வேர்வையால் குளிர்ச்சி இல்லை.

ஆகவே, வேர்வையைக் காயவிடும் துணியே கோடைக்கு ஏற்ற துணி. சாதாரண நிலையில் 100 கிராம் பருத்தி 7 அல்லது 8 கிராம் ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஏற்காது. அந்தத் துணி நெருக்கமாக நெய்யப்பட்டு, உடம்போடு ஒட்டியும் இருந்தால் உள்ளே புழுங்கும். இறுக்கமான ஜீன்ஸும் அப்படித்தான். வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில், தளர்ந்த பருத்திச் சட்டையே நல்லது. கை முழுக்கை. "வெயிலுக்கு வெற்றுடம்பே சுகம்" என்பது நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் சரி. வெயிலில் நடப்பவனுக்குத் தோலை மூடுவதே காப்பு. அந்த நாட்டு உழவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வதும் இதற்காகத்தான்.

இடுப்புக்கு வேட்டியைப் போல வேறொன்று இல்லை. காற்று தாராளமாகப் புகும். கோயிலுக்கும் அது உதவும். அரைக்கால் சிலுவாரோடு பெரிய கோயில்களுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றியே சன்னிதிக்குள் போக வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலோ சட்டையில்லாமல் வேட்டிதான்.

கோயில் என்றதும் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நண்பகலில் பிராகாரத்துக் கருங்கல் அடுப்புக்கல்லாகச் சுடும். நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவதே தெரியாது. இரவில் பார்த்தால் கொப்புளம். அந்தப் புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். ஆகையால் தரிசனத்தை விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள்; நமக்குக் குனிய முடியாவிட்டால் வீட்டுக்காரம்மா பார்க்கட்டும்.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கலாம்? பருத்திச் சட்டை நான்கு, வேட்டி இரண்டு, தளர்ந்த சிலுவார் ஒன்று, இரவுக்குக் கைலி, துண்டு இரண்டு, குடை, காற்றோட்டமான வார்ச் செருப்பு. ஊட்டி, கொடைக்கானல் போவதாக இருந்தால் கம்பளிச் சட்டை ஒன்று. இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்கள், மாலையில் குளிரும். கோட்டு கல்யாணத்திற்கு வேண்டுமானால், மண்டபத்தில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

உடை மட்டும் போதாது. உள்நாட்டு ஊர்களில் காற்று உலர்ந்திருப்பதால் வேர்வை உடனே காய்ந்துவிடும். எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தாகம் வருமுன்பே தண்ணீரோ மோரோ குடியுங்கள். இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேளுங்கள். புதிய வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். விமானமோ நம்மை நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. முதல் சில நாள் நண்பகலில் வெளியே அலையாதீர்கள்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வாருங்கள். ஒருவர் பேச்சுக் குழம்பி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது உயிருக்கே ஆபத்து. சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தமிழகத்தில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

நேயர்களே, பல ஆண்டு கழித்து வரும் உறவினரை ஊரார் ஆசையோடு எதிர்பார்க்கிறார்கள். அவர்கள் காண விரும்புவது நம் கோட்டை அல்ல, நம்மை. முன்பு சொன்ன பெரியவர் மறுமுறை போனபோது வேட்டியும் துண்டுமாகப் போய் இறங்கினார். "அப்படியே உங்கப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கு" என்றாளாம் அவருடைய வயதான அத்தை. அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

பயணம் நலமாக அமையட்டும்.