கரியில் ஓடிய கார்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த பூமி. அங்கே சீமைக்கருவேல மரத்துக்குப் பஞ்சமில்லை. அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள்.

கரி எதற்கு? அடுப்புக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு என்பீர்கள். கரியில் காரும் ஓடியிருக்கிறது!

இரண்டாவது உலகப்போர் (1939-45) சமயம். பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. வண்டி ஓடாவிட்டால் பிழைப்பு ஏது? மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் "கேஸ் பிளாண்ட்" என்ற கருவியைத் தயாரித்தது.

என்ஜின் பழையதுதான். அதோடு ஓர் இரும்பு உலையை இணைத்தார்கள். உலையில் கரியைக் கொட்டித் தீ மூட்ட வேண்டும். காற்றை அளவோடு விட்டால் கரி முழுதாக எரியாது. எரியக்கூடிய வாயு ஒன்று உண்டாகும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோல் செய்யும் வேலையை அது செய்யும்!

ஆனால், இழுவை குறைவு. மேடு வந்தால் வண்டி திணறும். நினைத்தவுடன் புறப்படவும் முடியாது. உலை சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் உலைகளைக் கழற்றிவிட்டார்கள். வியப்பில்லை!

இன்னொரு ஆபத்தும் இருந்தது. அந்த வாயுவில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஆளையே கொன்றுவிடும்!

இன்று வீட்டுக் கொட்டகையில் பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் உண்டு. பெட்ரோல் என்ஜின் புகையிலும் அதே விஷம் இருக்கிறது. என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு முன், காரை வெளியே தள்ளி நிறுத்திவிட வேண்டும்.