மோதிரச் சூரியனும் மதியச் சாப்பாடும்

"ஒரு வாய் தண்ணிகூடக் கூடாதும்மா! கிரகணம் விட்டப்புறம் தலைக்குக் குளிச்சிட்டுச் சாப்பிடலாம்."

2019 டிசம்பர் 26 அன்று காலை, ஏற்காட்டில் என் நாத்தனார் வீட்டில் கேட்ட பேச்சு இது. நிறைமாதமாக இருந்த மருமகளை அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். எட்டு மணி வாக்கில் பிடித்த கிரகணம் விடும்போது பதினொன்று தாண்டிவிட்டது. முந்தின இரவு சாப்பிட்ட பெண், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெல்லம் கரைத்த எலுமிச்சைச் சாறு உள்ளே போன பிறகுதான் முகம் தெளிந்தது. "நல்லதுன்னு நினைச்சுத்தானே அண்ணி செஞ்சேன்" என்று நாத்தனார் கண் கலங்கினார்.

நல்லதுக்குத்தான்! ஆனால், கிரகணம் வயிற்றுப் பிள்ளையைத் தொடுவதில்லை. தாயின் பட்டினியும் தாகமும்தான் தொடும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் பட்டினி ஆபத்து.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2031 மே 21, புதன்கிழமை, நம் பக்கம் மறுபடி கங்கண சூரிய கிரகணம் வருகிறது. அதுவும் சரியாக மதியச் சாப்பாட்டு வேளையில்!

கங்கணம் என்றால் வளையம். தோசைக்கல்லைக் கொஞ்சம் சின்னத் தட்டால் மூடினால் ஓரம் தெரியுமல்லவா? பூமியிலிருந்து தள்ளி நிற்கும்போது நிலா சிறிதாகத் தெரிகிறது. அப்போது சூரியனை முழுக்க மூட முடியாமல், சுற்றிலும் தங்க வளையல் மின்னும். 2019-ல் கோவை, திண்டுக்கல், திருச்சியில் இது தெரிந்தது. 2031-ல் தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யத்தில் தெரியும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இரண்டு முறையும் பிறைச் சூரியன்தான்.

இத்தனை வருஷம் முன்னாலேயே எப்படிச் சொல்கிறார்கள்? 18 வருஷம், 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒரு முறை அதே மாதிரி கிரகணம் திரும்ப வருகிறது. 2013 மே 10-ல் ஆஸ்திரேலியாவில் தெரிந்ததன் மறு வருகைதான் 2031-ல் வருவது. அந்த எட்டு மணி நேரத்தில் பூமி கூடுதலாகச் சுற்றிவிடுவதால் ஊர் மட்டும் மாறுகிறது. 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் கிளிஞ்சல்களை அடுக்கி, மனப்பாடமான வாய்பாட்டை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை சுமார் நான்கே நிமிஷம்! கணக்குக்குக் கட்டுப்பட்டு வருகிற ஒன்றைக் கண்டு பயப்படுவானேன்?

பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான். மே மாதம் பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வெளியில்தான் இருப்பார்கள். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. விழித்திரை சுட்டாலும் வலிக்காது. பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது. இதற்கென்றே தரச் சான்றுடன் வரும் கிரகணக் கண்ணாடி வேண்டும்.

செலவில்லாத வழியும் உண்டு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, பூந்திக் கரண்டியை வெயிலில் பிடியுங்கள். தரையில் ஒவ்வோர் ஓட்டையின் வெளிச்சமும் ஒரு பிறை! அன்றைக்கு ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த நூறு பிறைகளை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். உள்ளே இருந்த பெண்ணுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

அன்று வயிற்றில் இருந்த பிள்ளைக்கு 2031-ல் பதினொரு வயது நடக்கும். "இந்தத் தடவை எல்லோருக்கும் முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் பூந்திக் கரண்டி" என்று இப்போதே சொல்லிவிட்டார் நாத்தனார்!