ராணுவ அதிகாரி ஆகணுமா? எந்த வருஷம் படிக்கிறீங்க, அதை முதல்ல சொல்லுங்க

பொங்கல் லீவுல நாங்க அஞ்சு பேர் ராஜபாளையத்துல இருந்து அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். ஆத்துல குளிச்சுட்டு பாறையில உட்கார்ந்திருந்தப்ப, ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற தம்பி கேட்டான்: "அண்ணே, ஆர்மி ஆபீசர் ஆகணும்னா பிளஸ் டூவுலயே என்டிஏ எழுதியிருக்கணுமாமே? இனி நமக்கு சான்ஸே இல்லையா?"

இதே சந்தேகம் உங்கள்ல பல பேருக்கு இருக்கும். 'அமரன்' பார்த்த எல்லாருக்கும் மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியும். அவர் என்டிஏ வழியா வந்தவர் இல்லை. காமர்ஸ் டிகிரி முடிச்சு, சிடிஎஸ் தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலையில இருக்கிற ஓடிஏ-ல பயிற்சி எடுத்து, 2006-ல லெப்டினன்ட் ஆனவர். ஆக, காலேஜ்ல சேர்ந்தபிறகும் வழி இருக்கு. ஒண்ணு இல்லை, பல வழி. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தயாராக வேண்டிய நேரம் வேற வேற. அதை லேட்டா தெரிஞ்சுக்கிட்டவன் நான். அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல் வருஷம்னா: என்சிசி-ல சேருங்க. 'சி' சர்டிபிகேட்டுல குறைஞ்சது 'பி' கிரேடும், டிகிரியில 50 சதவீத மார்க்கும் இருந்தா, எழுத்துத் தேர்வே இல்லாம நேரா எஸ்எஸ்பி நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். இதுக்குப் பேர் என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி. ஆண், பெண் ரெண்டு பேருக்கும் உண்டு. ஆனா 'சி' சர்டிபிகேட் வாங்க வருஷக்கணக்கா பரேடும் கேம்பும் வேணும். "காலையில அஞ்சு மணிக்கு யாருடா எந்திரிப்பா"ன்னு நான் முதல் வருஷம் விட்டுட்டேன். கடைசி வருஷத்துல எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்தக் கதவு திறக்காது.

இரண்டாம், மூன்றாம் வருஷம்னா: மார்க்கைப் பாருங்க. இன்ஜினியரிங் மாணவர்களுக்குன்னே ராணுவத்துல ரெண்டு வழி இருக்கு: டிஜிசி (ஆண்களுக்கு மட்டும்), எஸ்எஸ்சி டெக் (இருபாலருக்கும்). வயசு 20-லிருந்து 27 வரை. ரெண்டுக்கும் எழுத்துத் தேர்வு கிடையாது. கடைசி வருஷத்துல விண்ணப்பிக்கும்போது ஆறாவது செமஸ்டர் வரைக்குமான மார்க்கை வச்சுத்தான் கட்-ஆஃப் போடுவாங்க. அப்போ கவலைப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, மார்க் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

கடைசி வருஷம்னா: மேல சொன்ன ரெண்டோட, யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துற சிடிஎஸ் இருக்கு. ஓடிஏ-க்கு மட்டும்னா இங்கிலீஷ், பொது அறிவு ரெண்டு பேப்பர்தான். டேராடூன் ஐஎம்ஏ, கடற்படை, விமானப்படை அகாடமிகளுக்கு கணக்கும் சேர்த்து மூணு. விமானப்படைக்குத் தனியா ஏஎஃப்கேட் தேர்வு உண்டு. கடற்படை, டிகிரி மார்க்கை வச்சு ஆளெடுத்து, கேரளாவுல இருக்கிற எழிமலையில பயிற்சி கொடுக்குது.

இதுல எதைத் தேர்ந்தெடுக்கிறது? ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: வாழ்நாள் வேலையா, இல்ல பத்து வருஷமா? டிஜிசி, ஐஎம்ஏ வழி போனா நிரந்தரக் கமிஷன். ஓடிஏ வழிகள் எல்லாம் ஷார்ட் சர்வீஸ்: 10 வருஷம், வேணும்னா இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம். பென்ஷனுக்கு 20 வருஷ சர்வீஸ் வேணும்ங்கிறதால, 10 வருஷத்துல வெளிய வந்தா பென்ஷன் கிடையாது. நடுவுல நிரந்தரக் கமிஷனுக்கு விண்ணப்பிக்கலாம். பெண் அதிகாரிகளுக்கும் அந்த உரிமை உண்டுன்னு 2020 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. "பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணுவ?"ன்னு வீட்டுல கண்டிப்பா கேப்பாங்க. பதிலோட போங்க.

எந்த வழியில போனாலும் எல்லாரும் போய் நிக்கிற இடம் எஸ்எஸ்பி. அஞ்சு நாள். முதல் நாள் ஸ்கிரீனிங்: ஒரு மங்கலான படத்தை 30 நொடி காட்டுவாங்க, 4 நிமிஷத்துல கதை எழுதணும், அப்புறம் குழுவா பேசணும். அதுல தேறினவங்களுக்குத்தான் மீதி நாட்கள். அதுல உளவியல் சோதனை ஒண்ணுல 60 வார்த்தை வரும், ஒவ்வொண்ணுக்கும் 15 நொடிதான். பிறகு மைதானத்துல குழு வேலைகள், நேர்காணல், கடைசியா கான்ஃபரன்ஸ்.

என் முதல் எஸ்எஸ்பி-ல முதல் நாள் மத்தியானமே பெட்டியைக் கட்டிட்டேன். யூடியூப் பார்த்து மனப்பாடம் பண்ணின கதையை, காட்டின படத்துக்குச் சம்பந்தமே இல்லாம எழுதிவச்சேன். குழுவுல பேசும்போது ஒருத்தன், "படத்துல ரெண்டு பேர்தானே இருந்தாங்க?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. திரும்பி வந்த டிரெயின்லதான் புரிஞ்சது: அங்க அவங்க பார்க்கிறது, நாலு பேரோட சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய நம்மால முடியுமான்னுதான். அதை ஒரு மாச கோச்சிங் கத்துக்கொடுக்காது. சிம்போசியம் நடத்துறது, டீம்ல ஆடுறது, ஹாஸ்டல் பிரச்சனையை முன்னாடி நின்னு பேசித் தீர்க்கிறது, இதுலதான் அது வரும். வயசு வரம்பு இருக்கிற வரை மறுபடியும் போகலாம். நானும் போகப்போறேன்.

இன்னும் மூணு விஷயம். ஒண்ணு, 2.4 கிலோமீட்டரை ஆண்கள் பத்தரை நிமிஷத்துல ஓடுற அளவுக்கு உடம்பு தயாரா இருக்கணும். நான் இப்போ காலையில அய்யனார் கோவில் ரோட்டுல மாந்தோப்பு ஓரமா ஓடுறேன், இன்னும் பன்னிரண்டு நிமிஷத்துலதான் நிக்குது. ரெண்டு, கண் பார்வை, நிறப் பார்வை ரெண்டையும் இப்பவே ஒரு டாக்டர்கிட்ட பரிசோதிச்சுக்கோங்க. எஸ்எஸ்பி ஜெயிச்சு மெடிக்கல்ல தெரியறதைவிட இது நல்லது. மூணு, அரியர். குறிச்ச தேதிக்குள்ள டிகிரி முடியலைன்னா, செலக்ட் ஆனாலும் இடம் போயிடும். விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் அதிகாரப்பூர்வ அறிவிப்பை முழுசா படிங்க.

தம்பிகிட்ட ஒண்ணுதான் சொன்னேன்: "லீவு முடிஞ்சதும் காலேஜ்ல என்சிசி சாரைப் போய்ப் பாரு. அடுத்த சேர்க்கை எப்போன்னு கேளு." போய்ப் பார்த்துட்டான். இப்போ அவன் எனக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடுறான்.