ஆட்டம் முடிந்தபின் கல்லூரி வேலை: பெயர் போதுமா, பட்டம் வேண்டுமா?

குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்தின் பெரிய பெயர்களில் ஒன்று. 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பையை வென்ற அணி அது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். பின்னாளில் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கிய அணிக்கும் அவரே கோல்கீப்பர். ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளரானார். அவர் பயிற்சி கொடுத்த இடங்களில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஒன்று.

இன்று அப்படி ஒருவர் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வேலைக்குச் சேர நினைத்தால் என்ன நடக்கும்?

கல்லூரியில் விளையாட்டுக்கென்று இருக்கும் நிரந்தரப் பணி உடற்கல்வி இயக்குநர் பணிதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி அதற்கு உடற்கல்வியில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டம் வேண்டும். கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். போட்டிகளில் ஆடிய சான்றும் கேட்பார்கள். உடல்தகுதித் தேர்வும் உண்டு. 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்த ஊட்டியில் வைத்தால்கூட ஒரு முன்னாள் ஆட்டக்காரருக்கு இது காலைநேர நடை மாதிரி. அவரைத் தடுப்பது ஓட்டமல்ல, நெட் வினாத்தாள்.

விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆசிய விளையாட்டிலோ காமன்வெல்த் விளையாட்டிலோ பதக்கம் வென்றவர் நெட் இல்லாமலே வரலாம். ஆனால் அவரும் முதுநிலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும். அதாவது ஜகார்த்தா தங்கம் மட்டும் கையில் இருந்தால் போதாது.

அமெரிக்காவில் கதை வேறு. கையில் பந்தை ஏந்தி ஓடும் அவர்களுடைய கால்பந்தில், முன்னாள் தொழில்முறை நட்சத்திரங்களைக் கல்லூரிகள் தேடிப்போய் அழைக்கின்றன. டியோன் சாண்டர்ஸை 2020-இல் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அதற்கு முன் அவருக்கு இருந்தது பள்ளி அணிகளைப் பயிற்றுவித்த அனுபவம்தான். அடுத்த ஆண்டே, நாட்டின் முதல்தர மாணவ ஆட்டக்காரர் எனப் பேசப்பட்ட டிராவிஸ் ஹன்டர் பெரிய பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தார். கல்லூரி விலைகொடுத்து வாங்குவது இந்த ஈர்ப்பைத்தான். அங்கே பயிற்சியாளரின் வேலையில் பாதி, நல்ல பிள்ளைகளைத் தன் பக்கம் இழுப்பது. பின்னர் அவர் போய்ச் சேர்ந்த கொலராடோ பல்கலைக்கழகம் 2025-இல் சாண்டர்ஸுக்கு நீட்டித்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 5.4 கோடி டாலர்.

பெயர் வாசல்வரை கொண்டுவிடும், அவ்வளவுதான். இன்னொரு முன்னாள் நட்சத்திரமான எடி ஜார்ஜ் 2021-இல் பயிற்சி அனுபவமே இல்லாமல் டென்னசி ஸ்டேட்டுக்கு வந்தார். அணி தலையெடுக்க 2024 ஆனது. 2024 டிசம்பரில் மைக்கேல் விக் நார்ஃபோக் ஸ்டேட்டுக்கும், டிஷான் ஜாக்சன் டெலவேர் ஸ்டேட்டுக்கும் அதேபோலப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். பிலடெல்பியா அணியில் ஒன்றாக ஆடிய இருவரும் மறு ஆண்டு அந்த அணியின் மைதானத்திலேயே மோதியதில் ஜாக்சனின் அணி 27-20 என வென்றது.

அந்தப் பணமும் கூட்டமும் நமக்கு வரப்போவதில்லை, வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. நம்முடைய உடற்கல்வி இயக்குநர் கபடி, வாலிபால், தடகளம் என எல்லாவற்றையும் பார்ப்பவர். பட்டம் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு விளையாட்டுக்கான பயிற்சியாளருக்கு, பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமாவும் ஆசியக் கால்பந்து கூட்டமைப்பின் உரிமமும் முதுநிலைப் பட்டத்துக்கு எந்த விதத்தில் குறைந்தவை? அவற்றை வைத்திருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அகாடமி அல்லது ஒப்பந்த வேலை. இந்திய அணிக்கு ஆடிய ராமன் விஜயனும் திண்டுக்கல் பக்கம் சொந்தமாகத்தான் அகாடமி தொடங்கினார்.

விதி மாறும்வரை கணக்கு இதுதான்: கோத்தகிரி எஸ்டேட்டிலிருந்து கிளம்பும் ஒரு பையன் கிளப் ஒப்பந்தத்தோடு பட்டத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பக்கத்தில் என்றால் மேட்டுப்பாளையம் தாண்டிப் பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. சங்கடம் என்னவென்றால், அங்கே விண்ணப்பிக்க வேண்டியது பிளஸ் டூ முடித்த கையோடு. கிளப்புகள் அவனைத் தேடி வருவதும் அதே வயதில்தான்.