வெளுத்த பவளமும் உரிந்த பவளமும்

பவளம் என்றதும் நம் கரிசல் சீமையில் நகைக்கடைதான் நினைவுக்கு வரும். நகையில் பதிக்கும் செம்பவளம் வேறு, கடலில் பாறை கட்டும் பவளம் வேறு. பின்னதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் தூத்துக்குடி; அங்கிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிலும் அப்பாறைகள் உள்ளன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பவளப்பாறையின் உயிர் முழுவதும் அதன் மேல்தோலில் இருக்கிறது. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் மெல்லிய திசு அது. அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு அவை கட்டிய வீடு. அத்திசுவினுள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நம் ஊர் வாரச் சாகுபடியைப் போன்றது இவ்வுறவு. நிலம் பவளத்தினுடையது, உழைப்பு பாசியினுடையது. வெயிலில் சமைத்த உணவில் பெரும்பங்கைப் பாசி நிலக்காரருக்கே அளந்துவிடும். (நம் வாரக்காரர்கள் இதற்கு ஒப்பமாட்டார்கள்!)

கோடையில் கடல்நீர் 30 டிகிரி செல்சியசைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் இவ்வுறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் வெளுத்தது. ஆனால் வெளுத்த பவளம் செத்த பவளம் அன்று. திசு கண்ணாடிபோல் கூட்டின்மேல் இன்னும் இருக்கும். நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும்.

திசு உரிதல் இதனினும் கொடிது. இங்கே நிலக்காரரே போய்விடுகிறார். கூடு அப்பட்டமாகத் தெரியும். சில நாட்களில் அதன்மேல் பச்சைப் பாசி படரும். உயிருள்ள பகுதிக்கும் வெற்றுக் கூட்டுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை இருக்கும். மான்கொம்புபோல் கிளைக்கும் அக்ரோபோரா இனத்தில் இந்த எல்லை ஒரே இரவில் அடியிலிருந்து நுனிவரை ஓடிவிடுவதும் உண்டு. வேறு சிலவற்றில் வாரக்கணக்கில் ஊர்ந்து செல்லும்.

காரணம் ஒன்றன்று. விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களும், பழுப்புக் கூழ்போல் மொய்க்கும் ஒருசெல் உயிர்களும் உரிந்த இடத்தில் காணப்படுகின்றன. எனினும் தொட்டியில் வளர்க்கும் பவளத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் முதற்குற்றவாளி நீரின் திடீர் மாற்றமே என்பேன். நம் பவளத் தொட்டியில் நடப்பது தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான்: நீர் ஆவியாகும், உப்பு தங்கும். குறைந்ததை ஈடுசெய்ய உப்புநீரையே ஊற்றினால், லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கவேண்டிய உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே தினமும் சிறிது நன்னீரே ஊற்றவேண்டும். சுண்ணாம்புச் சத்தையும் காரத்தன்மையையும் ஒரே நாளில் சரிசெய்ய முனைவது, குறைவாக இருப்பதைவிடக் கேடு. நீரோட்டம் கிளைகளுக்கு இடையிலும் புகவேண்டும்.

உரியத் தொடங்கிவிட்டால் எல்லைக் கோட்டைத் தாண்டி, நலமான கிளையை ஒடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவதே கைகண்ட வழி. அதற்குமுன் இரவில் விளக்கடித்துப் பார்ப்பது நல்லது. துருபெல்லா என்னும் நத்தை பகலில் ஒளிந்திருந்து இரவில் திசுவைத் தின்னும். அதன் வடுவும் நோய்போலவே தோன்றும்.

இவ்வளவும் ஆய்வகங்களுக்கே. நம் நாட்டில் 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. வீட்டுத் தொட்டிக்கென்று ஒரு கிளை எடுத்தாலும் குற்றம். ஆனால் தொட்டி அறிவு கடலுக்கும் உதவுகிறது. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 2014இல் மியாமி அருகே தொடங்கிய திசு உரிதல் நோய் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கிக் கரீபியன் கடலெங்கும் பரவியது. முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலின் கலந்த பசையை நோயின் எல்லையில் பூசினர். நோய் எட்டாத பவளங்களைச் சேகரித்து நாடெங்கும் உள்ள காட்சிச்சாலைத் தொட்டிகளில் குடியேற்றினர்.

நம் கடலுக்கு வருவோம். சாத்தூர், விளாத்திகுளம் வழியே ஓடும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரிசல் கரைந்து அதனோடு போகிறது. வண்டல் படிந்தால் பவளம் சளியைச் சுரந்து அதை வழித்துத் தள்ளப் பார்க்கும். அதற்கே தெம்பெல்லாம் செலவாகிவிடும். படிவு தடித்தால் அடியில் திசு மூச்சுமுட்டி அழுகும். புஞ்சைகளில் வரப்பு உயர்த்துவதும், ஓடைக்கரையில் புல் விடுவதும் நமக்கு மண் காக்கும் வேலை. கடலில் அதுவே பவளத்துக்குச் செய்யும் வைத்தியம்.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். கிளைப் பவளம் நல்ல நீரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. வளரும், குன்றுபோல் திரளும் இனங்களோ 1 செ.மீ. அளவே.