சுருதி சேரும் காந்தங்கள்

1665ஆம் ஆண்டு. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்பு முடியாமல் படுத்திருந்தார். ஒரே சட்டத்தில் மாட்டியிருந்த இரண்டு ஊசல் கடிகாரங்களைப் பார்த்தபடி கிடந்தவருக்கு ஒரு விந்தை புலப்பட்டது. ஒரு ஊசல் வலப்பக்கம் போனால் மற்றது இடப்பக்கம் போயிற்று, துளியும் பிசகாமல். கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்துக்குள் பழைய ஒழுங்குக்கே திரும்பின. சட்டத்தின் வழியே கடந்த நுண்ணிய அசைவுதான் இரண்டையும் பிணைத்திருந்தது. இதுவே ஒத்திசைவு.

இன்று இதே ஒத்திசைவைக் கொண்டு காந்தத் துணுக்குகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறார்கள். அந்தத் துணுக்கின் பெயர் ஸ்பின்ட்ரானிக் அலையியற்றி. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டு காந்தப் படலங்கள். நடுவே ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனில் மக்னீசியம் ஆக்சைடு. எலெக்ட்ரானுக்கு மின்னூட்டத்தோடு ‘ஸ்பின்’ என்ற காந்தப் பண்பும் உண்டு. முதல் படலம் எலெக்ட்ரான்களின் ஸ்பின்களை ஒரே திசைக்குத் திருப்பி அனுப்புகிறது. அவை இரண்டாவது படலத்தின் காந்தத்தை உந்தித் தள்ளுகின்றன. வேகம் தளர்ந்த பம்பரம் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுமே, அப்படி அந்தக் காந்தம் ஆடத் தொடங்குகிறது. பம்பரம் சற்று நேரத்தில் சாய்ந்துவிடும். காந்தத்தின் ஆட்டமோ மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்வரை ஓயாது. ஆட்டத்துக்கேற்ப மின்தடை ஏறி இறங்குவதால் நுண்ணலைச் சைகை பிறக்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் அதிர்வெண்ணும் மாறும்.

இந்த உந்துதலை 1996இல் இயற்பியலாளர்கள் ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்ஜே இருவரும் தனித்தனியே கணித்துச் சொன்னார்கள். 2005இல் இரண்டு அலையியற்றிகள் ஒத்திசைந்தன.

2018இல் பிரான்சில் ஜூலி க்ரோலியே குழுவினர் நான்கு அலையியற்றிகளை இணைத்து, பேச்சில் வரும் ஏழு உயிரொலிகளை அடையாளம் காணப் பழக்கினார்கள். ஒவ்வொரு உயிரொலியிலும் சில அதிர்வெண்கள் ஓங்கி நிற்கும். அவற்றை இரண்டு நுண்ணலைச் சைகைகளாக மாற்றி ஊட்டினார்கள். எந்த அலையியற்றி எந்தச் சைகையோடு ஒத்திசைகிறது என்பதே விடை. விடை தப்பினால் மின்னோட்டத்தைச் சிறிது திருத்துவார்கள். பிறகு மீண்டும் கேட்கவைப்பார்கள். தம்புராவின் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போன்ற வேலைதான். சுருதி சேர்ந்து முடிந்ததும் பாடமும் படிந்துவிடுகிறது.

இதெல்லாம் எதற்கு? வழக்கமான கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்கிடும் பகுதி வேறிடம். தரவுகளை அங்குமிங்கும் சுமப்பதிலேயே மின்சாரத்தின் பெரும்பகுதி கரைகிறது. மூளையில் இந்த அலைச்சல் இல்லை. சுமார் 20 வாட்டில் அது வேலையை முடிக்கிறது. மூளையிலும் நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே தாளத்தில் துடிக்கின்றன. அந்த வழியைத்தான் இந்தக் காந்தங்கள் பின்பற்றுகின்றன.

2020இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர் இன்னொரு வகை அலையியற்றிகளில் எட்டுக்கு எட்டாக அடுக்கிய 64ஐ ஒத்திசைய வைத்தார்கள். மூளையில் இருப்பவையோ ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். போகவேண்டிய தூரம் அதிகம்தான். ஆனால் மின்னோட்டத்தைத் திருத்தியே ஒரு காந்தத்துக்குப் பாடம் கற்பிக்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது.