வாய் பேசாவிட்டால் அறிவும் போய்விட்டதா?

பாரிசவாதம் வந்து வலது கை கால் விழுந்து, பேச்சும் நின்றுபோன ஒருவரை, "அவருக்கு அறளை பெயர்ந்துபோச்சுது" என்று எமது தீவுகளில் இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு வள்ளம் விற்பதும் காணி எழுதுவதும் அவரைக் கேளாமலே நடக்கின்றன. இத்தீர்ப்புச் சரிதானா?

1861 ஏப்ரலில் பாரிசுக்கு அருகே பிசேத்ர வைத்தியசாலையில், லெபோர்ஞ் என்ற நோயாளியை வைத்தியர் போல் புறோக்கா பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் "தன், தன்" என்ற ஓசையே வந்தது. இங்கு எத்தனை வருடம் என்று கேட்டபோது, அவர் ஒரு கையை நான்கு முறை விரித்து, பின் ஒரு விரலைக் காட்டினார். 21 வருடம், கணக்குச் சரி. மறுநாளும் அதே விடை. மூன்றாம் முறை கேட்டதும், தம்மைச் சோதிக்கிறார்கள் என்று விளங்கிக் கோபித்துக்கொண்டார். கோபிக்கவும் அறிவு வேண்டும் அல்லவா!

பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. அப்பக்கம் பழுதானால் சொல் போகலாம். சிந்தனை முழுவதும் போகவேண்டியதில்லை. 1975 இல் வந்த, 30 புள்ளிகள் கொண்ட பிரபலமான மனநிலைச் சோதனையோ திகதி சொல்லவும், மூன்று சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லவும் கேட்கிறது. பேச்சிழந்தவர் அதில் தோற்பது அறிவைப் பற்றி அதிகம் சொல்லாது. 2015 இல் வெளியான ஒக்ஸ்போட் சோதனை பாரிசவாத நோயாளருக்கென்றே அமைந்தது. பல விடைகளை விரலால் தொட்டுக் காட்டலாம்.

ஆனால் எல்லோரும் லெபோர்ஞ் அல்லர். 1874 இல் வேர்ணிக்கே விவரித்த வகையினர் சரளமாகப் பேசுவர். பேச்சில் பொருளிராது, பிறர் சொல்வதும் விளங்காது. சிலருக்கு ஞாபகமும் கவனமும் உண்மையாகவே குன்றியிருக்கும். ஆகவேதான் பார்த்தறிய வேண்டியுள்ளது.

எழுவைதீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடல் கடந்தே போகவேண்டும். அதுவரை வீட்டார் கவனிக்கலாம். சொல்லி விளக்காமல் செய்து காட்டுங்கள். ஒரே மாதிரியான கரண்டிகளைச் சேர்க்கிறாரா, காசுத் தாள்களைப் பிரிக்கிறாரா, இடது கையால் வலைக்கண்ணைப் பிடித்துப் பார்க்கிறாரா? வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கலாம். பொருட்களை மேலும் கீழுமாக வையுங்கள். "ஓம்", "இல்லை" மாறிவரக்கூடும். "பசிக்குதா?" என்று கேட்டால் சற்றுப் பொறுத்து "வயிறு நிறைஞ்சிட்டுதா?" என்றும் கேளுங்கள். களைத்த நேரத்தில் வேண்டாம். காலையில் கேளுங்கள், மூக்குக்கண்ணாடியையும் போட்டுவிட்டு. கண்டதைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், கிளினிக்குக்குப் போகும் நாளில் வைத்தியரிடம் காட்டலாம்.